பந்தியிலிருந்து எழுப்பப்பட்ட பெரியப்பா

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் நவதுங்கா சிஸ்டம்ஸ் என்றொரு நிறுவனம் உண்டு. அங்கே தினமும் பகல் மூன்று மணிக்கு எல்லாக் கணினிகளிலும் உள்ளதை நகலெடுத்து ஒரு பெரிய கணினிக்கு அனுப்புவார்கள். பேக்கப் என்று பெயர். ஊர் உலகத்தில் இதை ராத்திரியில்தான் செய்கிறார்கள். ராத்திரி செய்தால் யார் பார்ப்பது என்று மேலாளர் ப்ரஹ்லாத் நியாயமாகக் கேட்டதால், பகல் மூன்று மணி என்று முடிவாயிற்று.

ஆகவே மூன்று மணிக்கு ஆபீஸில் நெட் படுத்துவிடும். ஒருநாள் ப்ரஹ்லாத் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு வீடியோவில் பேசும்போது, வாயைப் பிளந்தபடி பதினெட்டு நிமிடம் திரையில் உறைந்து நின்றார். மறுநாளே, பேக்கப் நேரத்தில் எந்தக் கணினி எவ்வளவு நெட்டை விழுங்குகிறது என்று பட்டியல் போடும்படி, நெட்வொர்க் பார்க்கும் எத்திராஜுக்கு ஆணை பிறந்தது. அவர் அதைக் காபி மெஷினுக்குப் பக்கத்து டிவியில் ஓடவிட்டார். நோய் எங்கே என்று கண்டுபிடிக்கத்தான் அந்தப் பட்டியல்.

பட்டியலின் முதல் பெயர் கோவிந்தராஜன், கடைசிப் பெயர் வனஜா. திருப்பத்தூர்க்காரி. அடுக்குமாடிவாசிகள் தண்ணீர் லாரிக்குப் பதிவு செய்யும் செயலி அவள் பொறுப்பு. அது ஒழுங்காக ஓடியது. ஒழுங்காக ஓடுகிறதை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? காபிக்கு நின்றிருந்த அவள் காதில் ப்ரஹ்லாதும் எத்திராஜும் பேசிக்கொண்டது விழுந்தது.

“எத்திராஜ், கோவிந்தராஜன் ஏன் ஃபர்ஸ்ட்ல இருக்கார்?”

“தன் கல்யாண வீடியோவ இன்னிக்கு ஆபீஸ் மெஷின்ல போட்டு வெச்சிருக்காரு சார். பேக்கப் அதையும் சேத்து தூக்குது. நாப்பது ஜிபி. அதனாலதான் இன்னிக்கு நெட்டு படுத்துக்கிச்சு.”

“அதெல்லாம் இருக்கட்டும். ஃபர்ஸ்ட்ல இருக்காரோல்லியோ?”

“இருக்காரு சார்.”

“லாஸ்ட் யாரு?”

“வனஜா சார். பன்னெண்டு கேபி.”

“ஹௌதா, அப்படியா? அப்போ காலைலேருந்து அந்தம்மா என்ன பண்ணிண்டு இருந்தா?”

எத்திராஜ் வாயைத் திறந்தார். ஆனால் அவருக்கும் வீட்டுக் கடன் இருந்தது. மூடிக்கொண்டார்.

மாலையில் சுற்றறிக்கை வந்தது. “இதனால் ஊழியர் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், பேக்கப் வேளையில் ஒருவரது கணினி அனுப்பும் அளவே அவரது அன்றைய உழைப்பின் அளவாகக் கொள்ளப்படும். தொடர்ந்து கடைசி இடம் வகிப்பவர், தசரா விடுமுறைக்குப் பின் அலுவலகம் வரும் சிரமத்திலிருந்து விடுவிக்கப்படுவார்.”

வனஜா கணக்குப் போட்டுப் பார்த்தாள். வேலை போனால் திருப்பத்தூருக்குத்தான் பஸ் ஏற வேண்டும். அங்கே அத்தை மகன் ஒருவன் அதற்காகவே காத்துக்கொண்டிருந்தான். நேரே ப்ரஹ்லாத் அறைக்குப் போனாள்.

“சார், நேத்து நான் முந்நூறு வரி புரோகிராம நாப்பது வரியா குறைச்சேன். முன்னவிட வேகமா ஓடுது.”

“மிச்ச எரநூத்து அறுபது வரி எங்கே?”

“தேவையில்லன்னு எடுத்துட்டேன் சார்.”

“கம்பெனி சொத்தையா?”

ப்ரஹ்லாத் நல்ல மனிதர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஆத்துல வரன் கிரன் பாக்கறாளாம்மா? இல்லே, அது உன் சொந்த விஷயம். ஆனா ஒரு வீடியோன்னு இருந்தா உனக்கும் ஒத்தாசையா இருக்கும்.”

இதற்குள் ஆபீஸே கல்யாண மண்டபமாகிவிட்டது. ஆளாளுக்குத் தாலி கட்டும் காட்சியைக் கணினியில் ஏற்றினார்கள். கல்யாணம் ஆகாதவர்கள் அக்கா குழந்தையின் காதுகுத்தையாவது கொண்டுவந்தார்கள். முதல் நாள் எல்லோரும் உழைப்பாளிகள் ஆனார்கள். இரண்டாம் நாள் எல்லோரும் சோம்பேறிகள் ஆனார்கள். பேக்கப் என்பது நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் மாறியதை மட்டுமே எடுத்துப் போகும் என்பதை எத்திராஜ் அப்போதுதான் விளக்கினார். நேற்றைய தாலி இன்றைக்குச் செல்லாது.

கோவிந்தராஜன்தான் வழி கண்டுபிடித்தார். தம் கல்யாண வீடியோவில் பந்தியில் உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியப்பாவை வெட்டி எடுத்தார். வீடியோ மாறியது, நாற்பது ஜிபியும் மறுபடி போயிற்று. மறுநாள் பெரியப்பாவைத் திரும்ப உட்கார வைத்தார். மறுபடி நாற்பது. நிஜக் கல்யாணத்தில் பெரியப்பாவைப் பந்தியிலிருந்து எழுப்பியிருந்தால் குடும்பம் ரெண்டாகியிருக்கும். இங்கே பதவி உயர்வு கிடைத்தது.

அன்றிலிருந்து ஆபீஸ் முழுவதும் காலை முதல் மூன்று மணி வரை நாத்தனாரை நீக்குவதும் மச்சானைச் சேர்ப்பதுமாகக் கடுமையாக உழைத்தது. தண்ணீர் லாரிகள் மட்டும் வனஜாவின் பன்னிரண்டு கேபியில் ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருந்தன.

தசரா விடுமுறைக்கு இரண்டு நாள் இருக்கையில் வனஜா மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, கோவிந்தராஜனிடம் வீடியோவை இரவல் கேட்டாள். ஆனால் வெட்டி ஒட்ட அவளுக்குப் பொறுமை இல்லை. பன்னிரண்டே வரியில் ஒரு புரோகிராம் எழுதினாள். தினமும் மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் அது தானாகவே பெரியப்பாவை எழுப்பும். மறுநாள் தானாகவே உட்கார வைக்கும். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வனஜா பட்டியலில் முதலிடம் வந்தாள். அசிங்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

“வனஜா, உனக்குப் புண்ணியமாப் போவும், எனக்கும் ஒண்ணு குடும்மா. எடிட் பண்ணிப் பண்ணி கண்ணு அவிஞ்சு போச்சு” என்று கோவிந்தராஜனே வந்து நின்றார். நம்மால் எதற்கு ஒருத்தர் கெட வேண்டும் என்று கொடுத்தாள். அவர் பக்கத்துச் சீட்டுக்குக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் ஆபீஸே வாங்கிக்கொண்டது. கடைசி இடம் என்ற ஒன்றே ஒழிந்தது. எல்லோரும் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்கள்.

மறுநாளே ஆயுத பூஜை வந்தது. கணினிகளுக்குக் குங்குமம் வைத்து, பொரி வைத்து, பூசணிக்காய் உடைத்தார்கள். பொட்டு வைத்த மெஷினை அணைக்கக் கூடாது என்று ப்ரஹ்லாத் சொன்னதால், அப்படியே விட்டுவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள்.

நான்காம் நாள் திரும்பி வந்தபோது ஆளுக்கொரு உறை காத்திருந்தது. மேலிடத்திலிருந்து வந்தது. “விடுமுறையில் ஊழியர் ஒருவரும் வராத மூன்று நாட்களிலும் உற்பத்தி இதுவரை காணாத உச்சத்தைத் தொட்டுள்ளது. ஊழியர் வரும் நாட்களில் அது குறைவது தக்க பட்டியலால் நிரூபணமாகியுள்ளது. எனவே உற்பத்திக்கு இடையூறாக உள்ள அனைவரும் விடுவிக்கப்படுகிறார்கள். கணினிகள் பணியில் நீடிக்கும்.”

ப்ரஹ்லாதுக்கும் ஓர் உறை இருந்தது. அவர் அதைப் படித்துவிட்டு வாயைப் பிளந்தபடி நின்றார். இந்தத் தடவை நெட் நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் ஓசூர் ரோட்டில் வனஜா திருப்பத்தூர் பஸ்ஸைப் பிடித்தாள். எத்திராஜ் வழியனுப்ப வந்திருந்தார். அவருக்கும் போக்கிடம் இல்லை.

“ஒண்ணு மட்டும் நெசம்மா,” என்றார். “நெட்டு ஸ்லோன்னு இன்னிக்கு ஒருத்தரும் கம்ப்ளெயின்ட் பண்ணல.”

நவதுங்கா இப்போதும் நடக்கிறது. பட்டியல் இன்றைக்கும் டிவியில் ஓடுகிறது. காபி மெஷின்தான் பார்க்கிறது. ஒருநாள் விடாமல் அந்த ஆபீஸுக்கு வந்து போகிறவர் கோவிந்தராஜனின் பெரியப்பா ஒருவர்தான்.