ஒரு விரற்கடை நூல்

தையல்காரர் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டபடியே பல்கலைக்கழகத்தின் ஆடை அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தார். அது மனைவியின் உத்தரவு.

"போய்ப் பாத்துட்டு வாங்க. கையை மட்டும் வெளிய எடுக்காதீங்க."

காரணம் இருந்தது. அங்கே ஆடை வடிவமைப்புப் படிக்கும் மகள், தேர்வுக்காக ஒரு கவுன் தைத்து வைத்திருந்தாள். அவள் வெளியே போயிருந்த நேரத்தில் இவர் அதைப் பிரித்து, 'ஒழுங்காக' மறுபடி தைத்துவிட்டார். வேண்டுமென்றே கோணலாக வெட்டியது என்று அவருக்கு எப்படித் தெரியும்? தேர்வில் ஃபெயில்.

"இனிமே என் துணியில கை வெச்சீங்கன்னா நமக்குள்ள ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு மகள் விடுதிக்குப் போய்விட்டாள். இவரும் "போனா போ" என்று சொல்லித் தொலைத்தார். ஏழு மாதமாகப் பேச்சு இல்லை. அவள் போன் வரும்போதெல்லாம் இவர் மெஷினை வேகமாக மிதிப்பார். மனைவி மட்டும் பேசுவாள். வீடு வெறிச்சென்று கிடந்தது.

இன்று மாணவர் கண்காட்சியின் கடைசி நாள். மகள் கண்ணில் படாமல் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.

கண்ணாடிப் பெட்டிகளுக்குள் நின்ற பழங்காலத்து அங்கிகளை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக மாணவர் கூடத்துக்குப் போனார். அங்கே ஈ காக்கை இல்லை. காவல்கார அம்மாள் மட்டும் ஓரத்து ஸ்டூலில், கையில் போனோடு கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தாள்.

பதினோராவது பொம்மையின் கீழே மகளின் பெயர். சாம்பல் நிறத்தில் நீளமான மேலங்கி. தோள் வெட்டு அத்தனை கச்சிதம். தான் சொல்லிக்கொடுக்க நினைத்ததை வேறு யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்களே என்று அவருக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது.

அப்போதுதான் பார்த்தார். கீழ் மடிப்பில் ஒரு விரற்கடை நீளத்துக்கு நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

பைக்குள் விரல்கள் துறுதுறுத்தன. கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நூல் அங்கேயேதான் இருந்தது. பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? தையல்காரர் பெண்ணுக்கு நூல் வெட்டக்கூடத் தெரியவில்லை என்பார்கள்.

"அறுக்கத்தானே போறேன், தைக்கப் போறதில்லையே" என்று முணுமுணுத்தபடி கையை வெளியே எடுத்துச் சுண்டினார்.

மடிப்பு முழுவதும் சரசரவென்று அவிழ்ந்தது.

மூட்டை வாய்க்குப் போடுகிற சங்கிலித் தையல் அது. நுனியை இழுத்தால் மொத்தமும் கையோடு வந்துவிடும். நல்ல துணியில் யாராவது அதைப் போடுவார்களா? அவர் காலருக்கு அடியில் எப்போதும் குத்தியிருக்கும் ஊசியை உருவிக்கொண்டு மண்டியிட்டார். மடிப்பைத் தூக்கிப் பிடித்தால் பக்கவாட்டுத் தையல் விட்டது. அதைப் பிடிக்கப் போனால் மேலங்கியின் ஒரு கை கழன்று அவர் தலையிலேயே விழுந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு தம்பதி உள்ளே வந்தார்கள். தையல்காரர் அப்படியே உறைந்துவிட்டார்.

"என்னங்க இது, ரெண்டு பொம்மை?"

"ஆமா. ஒண்ணு மண்டி போட்டிருக்கு."

"மூச்சு விடுதே."

"இப்பல்லாம் அப்படித்தான் செய்யறாங்க. வா."

அவர்கள் தலை மறைந்ததும் மேலங்கியின் மிச்சமும் தரையில் சரிந்தது. இனி மகள் ஜென்மத்துக்கும் முகத்தில் விழிக்கமாட்டாள். துணியை மடியில் வாரிப் போட்டுக்கொண்டு, தரையிலேயே உட்கார்ந்து அழுதார்.

காவல்கார அம்மாள் எழுந்து வந்தாள்.

"எழுந்திரிங்க ஐயா."

"தப்புப் பண்ணிட்டேம்மா. போலீஸ்ல வேணா பிடிச்சுக் குடுங்க. என் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"நீங்க நூலைச் சுண்டினப்பவே போன்ல சொல்லிட்டேனே."

"ஐயோ, ஏம்மா?"

"'எங்கப்பா ஒருத்தராலதான் இந்த நூலைப் பாத்துட்டுச் சும்மா போக முடியாது, யாராவது இழுத்தா உடனே எனக்குச் சொல்லுங்க'ன்னு முதல் நாளே சொல்லிட்டுப் போச்சு. மூணு வாரமா தினமும் வந்து, நூல் அப்படியே இருக்கறதைப் பாத்துட்டு மூஞ்சியைத் தொங்கப்போட்டுட்டுப் போன பொண்ணு, இப்ப மாடியிலேர்ந்து ஓடி வந்துட்டிருக்கு."