சத்தம் போடாத ஸ்போர்ட்ஸ் கார்

ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவன் எவனும் அதை இன்னும் கொஞ்சம் உறும வைக்கத்தான் பாடுபடுவான். வாங்கிய காரின் வாயை அடைப்பதற்காக ஒரு குளிர்காலம் முழுக்க அதன் கீழே மல்லாந்து கிடந்த ஒரே மனிதர் ஒஸ்லோவில், அதிலும் புருசெத்தில், எங்கள் புளொக்கின் நிலக்கீழ் கராஜில்தான் இருந்தார். அவருக்கு ‘சைலன்சர்’ என்று பெயர் வைத்தவன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில் அவரும் நானும் ஒரே ஹோட்டலில் பாத்திரம் கழுவினோம். அவருடைய மனைவி ஊரிலேயே சண்டைக்குள் அகப்பட்டுச் செத்துப்போனா. ஒரே மகள் தர்சினி தாதிக்குக் கடைசி வருடம் படித்தாள். அந்தப் பிள்ளை எஞ்சின் வைத்த எதிலும் ஏற மாட்டாள். கார் இல்லை, பஸ் இல்லை. மின்சாரத்தில் ஓடும் ரயிலும் டிராமும் மட்டும்தான். தண்டவாளம் எங்கே முடிகிறதோ அங்கே அவளுடைய நோர்வேயும் முடிந்துவிடும். கலியாண வீடு என்றால் ஸ்டேஷனில் இறங்கி, சேலையோடு பனிக்குள் நடந்து வருவாள். நாங்கள் காரில் அவளைத் தாண்டிப் போகும்போது பகிடிக்குக் கை காட்டிவிட்டுப் போவோம்.

“அப்ப இலங்கையிலை இருந்து பிளேனிலை எப்பிடி அண்ணை வந்தவள்?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“நித்திரைக் குளிசை குடுத்து, தோளிலை போட்டுக்கொண்டு வந்தனான்” என்றார்.

இப்படி இருக்க, நோர்வேயின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. ஓகஸ்டில் தொடங்க வேண்டும். அந்த ஊருக்கு ரயில் இல்லை. “மாட்டன் எண்டு எழுதப்போறன் அப்பா” என்று அவள் சொல்ல, “கொஞ்சம் பொறு பிள்ளை, நான் ஒரு கார் செய்யிறன்” என்று இவர் சொல்லிவிட்டார். கார் ஓட்டுவதை விட்டே பல வருடமான மனுசன்.

அடுத்த கிழமை ஒரு இரண்டு சீட் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் கயிற்றில் கட்டி இழுபட்டு வந்தது. கூரை திறக்கிற கார், எஞ்சின் இறுகிப்போனது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ஏதோ ஒரு பழைய குடும்பக் காரின் சாதுவான எஞ்சினை உள்ளே இறக்கினார். எஞ்சின் மாறினதால் புகை வெளியேறும் வாய் மற்றப் பக்கம் போய்விட்டது. கடையில் விற்கிற எந்தக் குழாயும் பொருந்தாது. முழுவதையும் தானே வளைத்து, தானே ஒட்ட வேண்டிய நிலை.

“ஏன் அண்ணை, நாலு கதவோடை, கூரையோடை ஒரு நல்ல கார் வாங்கியிருக்கலாமே?”

“கூரை வேண்டாம். வானம் தெரியவேணும்.”

இந்த ஒரு வசனத்தை வைத்து நான் புருசெத் முழுக்க ஒரு மாதம் பகிடி பண்ணினேன்.

ஹோட்டல் கழித்துவிட்ட சூப் பானைகள் இரண்டை வாயோடு வாய் வைத்து வெல்ட் பண்ணினார். அதுதான் சைலன்சர். நடுவில் துளை போட்ட குழாய், அதைச் சுற்றி அடைக்கப் பாத்திரம் தேய்க்கிற கம்பிச்சுருள். தேய்ந்த சுருள்களை ஹோட்டலில் நான் பொறுக்கிக் கொடுத்தேன். அவற்றில் ஒட்டியிருந்த மீன் எண்ணெய் சூடேற, முதல் கிழமை முழுக்கக் கார் பொரித்த மீன் மணத்தது. எனக்குப் பசி வந்ததுதான் மிச்சம்.

கிரைண்டர் சத்தம் தாங்காமல் கட்டிட நிர்வாகத் தலைவி, எழுபது வயது நோர்வேக்காரி, செருப்போடு இறங்கி வந்தா. திட்டி முடித்துவிட்டு, “இந்தக் காரை எப்போது ஸ்டார்ட் பண்ணுவீர்கள் என்று முன்கூட்டிச் சொல்லுங்கள், அன்றைக்கு நான் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுகிறேன்” என்றா. இவர் அந்த அம்மாவின் கையை மெல்லப் பிடித்து, குழாயின் வாயருகே கொண்டுபோய்க் காட்டினார். சூடாகக் காற்று வந்தது. எஞ்சின் அரை மணித்தியாலமாக ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் பிழை வேறிடத்தில் இருந்தது. காரை ஜாக்கில் தூக்கி, சில்லுகள் தொங்க நிற்கையில் அளவெடுத்து ஒட்டிவிட்டார். இறக்கி, தொண்ணூற்று நாலு கிலோ நானும் ஏறி உட்கார, தெருவின் முதல் வேகத்தடையிலேயே சூப் பானைகள் நசுங்கின. எல்லாவற்றையும் வெட்டி மறுபடி தொடங்கினார். இந்த முறை காரை இறக்கி வைத்து, மகளின் நிறைக்குப் பக்கத்துச் சீட்டில் இருபத்தைந்து கிலோ அரிசிச் சாக்கு இரண்டு, மேலே இரண்டு கிலோ பருப்பு வைத்து, சீட் பெல்ட்டும் போட்டுவிட்டார். ஒரு மாதம் அந்த அரிசியோடுதான் ஊர் சுற்றினார்.

பங்குனியில் நான் பொறுமை இழந்தேன். “அண்ணை, இவ்வளவு அடைச்சால் எஞ்சின் எப்பிடி மூச்சு விடும்? நேற்று ஏற்றத்திலை ஒரு சைக்கிள்காரி உங்களை முந்திப் போறாள். விசர் வேலையை விடுங்கோ.”

அவர் காருக்குக் கீழே இருந்து வெளியே வராமலே கதைத்தார். கால் இரண்டும்தான் எனக்குத் தெரிந்தன.

“யாழ்ப்பாணத்திலை நான் ஹயர் வான் ஓடினனான். சைலன்சர் உக்கி விழுந்திட்டுது. பிறகு பாப்பம் எண்டு விட்டிட்டன். அண்டைக்கு மனுசி பின்னுக்கு, பிள்ளை எனக்குப் பக்கத்திலை. றோட்டுக்கரை வாய்க்காலுக்குள்ளை சனம் படுத்துக்கிடந்து கை காட்டுது. என்ரை வானின்ரை சத்தத்துக்குப் பகிடி பண்ணுதுகள் எண்டு நினைச்சன்.”

ஸ்பானர் ஒரு முறை திரும்பியது.

“நானும் கை காட்டினன். குண்டு போட பிளேன் வந்தது எங்களுக்கு மட்டும்தான் கேக்கேல்லை.”

என் கையில் ஒரு பை நிறையக் கம்பிச்சுருள் இருந்தது. அதை மெதுவாக அவருடைய காலடியில் வைத்துவிட்டு மேலே வந்தேன். வெட்கமாக இருந்தது.

ஆடி மாதம் ஒரு விடியற்காலை தர்சினி அந்தக் காரில் ஏறினாள். அவர் எஞ்சினை ஸ்டார்ட் பண்ண, பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி கண்ணை மூடிக் காது கொடுத்தாள். புறா சத்தம் போட்டது. யாரோ மாடியில் தண்ணீர் திறந்தார்கள். “சரி அப்பா, போங்கோ” என்றாள். பெட்டி வைக்க இடமில்லாத கார் என்பதால், அவளுடைய சாமான்களோடு என் பழைய காரில் நான் பின்னால் போனேன்.

இருபது நிமிடத்தில் அவள் கையைத் தூக்கினாள். கார் ஓரங்கட்டி நின்றது. எஞ்சினை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். விடுமுறைக்குச் சனம் ஏற்றிப்போகிற வெள்ளை விமானம் ஒன்று. அது மறையும் மட்டும் பார்த்திருந்து பிறகு புறப்பட்டார்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் இப்படியே. ஏழு மணித்தியாலப் பயணம் பதினாலாக நீண்டது. முதல் இரண்டு தரமும் நான் வாய்க்குள் திட்டினேன். மூன்றாம் தரம் அவர் இறங்கி என்னிடம் வந்தார்.

“டேய், உன்ரை கார் கத்துது. பிள்ளைக்கு ஒண்டும் கேக்கேல்லையாம். தள்ளி வா.”

தள்ளியே போனேன். பின்னேரம் மலை மேட்டில் மழை பிடித்தது. அவள் கூரையை மூட விடவில்லை, மஞ்சள் மழைக்கோட்டோடு இருந்தாள். தூரத்தில் அந்தச் சிவப்புக் காரிலிருந்து மஞ்சள் கை ஒன்று எழுந்து என்னைப் பார்த்து ஆடியது. நான் திருப்பிக் கை காட்டவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, இறங்கி நனைந்தபடி வானத்தைப் பார்த்தேன். முகிலுக்கு மேலே விமானம் போய்க்கொண்டிருந்த சத்தம், அன்றைக்குத்தான் எனக்குக் கேட்டது.

அவளை அங்கே விட்டுவிட்டுத் திரும்பிய அடுத்த நாள், என் காரைக் கொண்டுபோய் அவருடைய கராஜ் வாசலில் நிறுத்தினேன்.

“அண்ணை, இதுக்கும் ஒண்டு செய்து தாங்கோ.”

அவர் குனிந்து கீழே பார்த்தார். பிறகு அளவு நாடாவை எடுத்தார். “உன்ரை கிலோ தெரியும். பக்கத்துச் சீட்டிலை ஆர் வாறது? அரிசி வைக்கவேணும்.”

“வேறை ஆர் இருக்கினம் எனக்கு?” என்றேன். “உங்கடை கிலோவைச் சொல்லுங்கோ.”