பக்கத்துப் பல்

மூன்றாவது முறையாகத் திரும்பி வந்த பல்லோடு ஒரு சீட்டும் இருந்தது. அதில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: ‘உயிர் இல்லை. மீண்டும் செய்க.’

அழகிரி அதை இரண்டு தடவை படித்தார். மன்னார்புரத்தில் பாக்கியநாதனின் பல் லேபில் பதினேழு வருஷமாக வேலை பார்க்கிறார். பல் திரும்பி வந்ததுண்டு. பரீட்சைப் பேப்பர் மாதிரி திருத்தப்பட்டு வந்தது இதுதான் முதல் தடவை.

முதல் சீட்டில் ‘புதுச் சுண்ணாம்பு’ என்று இருந்தது. சாயம் தீட்டி அடுப்பில் வைத்து எடுத்து அனுப்பினார். இரண்டாவது சீட்டில் ‘சாம்பல் பூத்திருக்கிறது’ என்று இருந்தது. சாயத்தைச் சுரண்டி, மறுபடி தீட்டி, மறுபடி அடுப்பில் வைத்தார். பீங்கான் ஒவ்வொரு தடவை சூடு படும்போதும் கொஞ்சம் மங்கும். அது தெரிந்தும் வைத்தார். வேறு வழியில்லை. இப்போது அதன் உயிரும் போய்விட்டது.

லேபுக்கு வருகிற பல்லுக்கு ஆள் கிடையாது. டாக்டர் பேரும் ஒரு நம்பரும்தான். மேல் வரிசையில் வலது முன்பல் வேண்டும், இடது முன்பல்லுக்கு ஜோடியாக இருக்க வேண்டும். டாக்டர் ஜாஹ்னவி எழுதியிருந்தது அவ்வளவுதான்.

பாக்கியநாதன் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

“இன்னொரு தடவை இது திரும்பி வந்துச்சுன்னா, முன்பல் மேஜையில மாதவன் உட்காரட்டும். நீங்க பிளாஸ்டர் ரூமைப் பார்த்துக்கங்க.”

முன்பல் மேஜை ஜன்னலோரம் இருக்கிறது. நல்ல வெளிச்சம், தனி ஃபேன். அச்சில் அழுத்தி எடுத்த பீங்கான், உள்ளே போன வழியில் உறைந்த ஒரு வாலோடுதான் வெளியே வரும். வாலை அறுத்து, உருக்கொடுத்து, நிறமேற்றிப் பல்லாக்கி அனுப்புகிற இடம் அதுதான். அங்கே வந்து சேர்வதற்கு அழகிரி பிளாஸ்டர் ரூமில் ஆறு வருஷம் மாவு கலக்கியிருக்கிறார். மறுபடி அங்கே போவதென்றால் வாத்தியாரைக் கூப்பிட்டு ஒன்றாம் வகுப்பில் உட்காரச் சொல்வது போலத்தான். சென்னையில் படித்துவிட்டு வந்த மாதவன் நாற்காலியின் உயரத்தைக் கண்ணால் அளந்தான்.

அழகிரி புதுசாக ஒரு பல்லை அழுத்தி எடுத்தார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. தண்ணீர் விடாமல் வாலை அறுத்ததில் சூடேறி, நடுவில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் ஓடியது. இன்னொன்று அழுத்தினார். அது நன்றாகத்தான் வந்தது. ஆனால் எதைப் பார்த்து நிறம் தீட்டுவது? வாயை அச்செடுத்து மாவில் வார்த்த பல்வரிசைக்கு நிறமே கிடையாது. கிளினிக்கிலிருந்து வந்த ஐந்து போட்டோவில் இடது பல் ஐந்து நிறத்தில் இருந்தது.

கிளினிக்கில் போன் எடுக்கிற சுராயாவைக் கூப்பிட்டார்.

“அந்தப் பல்லுக்காரரை வெயில்ல நிக்க வச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கம்மா.”

“நீங்க வேற. வாயைத் திறங்கன்னு சொல்லவே டாக்டர் பெர்மிஷன் கேக்கறாங்க.”

“ஏம்மா?”

“டாக்டருக்குப் பத்தாவதுல கணக்கு எடுத்த டீச்சர் அவங்க. வைஜயந்தி டீச்சர். இப்ப ஹெட்மிஸ்ட்ரஸ். ஸ்ரீரங்கத்துல இருக்காங்க. அடுத்த வாரம் பையனுக்குக் கல்யாணம், பல்லு இல்லாம போட்டோவுக்கு நிக்க மாட்டேன்னுட்டாங்க.”

லேப்காரர்கள் நோயாளி வீட்டுக்குப் போகக் கூடாது என்பது பாக்கியநாதன் போட்ட சட்டம். சட்டம் பார்த்தால் மேஜை போய்விடும். அழகிரி கெஞ்சிக் கேட்டு விலாசம் வாங்கினார். சனிக்கிழமை காலையில் பல்லைச் சின்ன டப்பாவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காவிரிப் பாலம் தாண்டி, மேலச் சித்திரை வீதியில் போய் வண்டியை நிறுத்தினார்.

கதவைத் திறந்தவர் வைஜயந்தியேதான். கையால் வாயை மறைத்துக்கொண்டார்.

“லேப்லேர்ந்து வரேங்க. பல்லு விஷயமா.”

“அந்த மூணையும் பண்ணினது நீர்தானா?”

“ஆமாங்க.”

“மூணுமே ஃபெயில். உள்ளே வாங்கோ.”

கூடத்தில் அவருடைய கணவர் ஜகன்னாத் பேப்பரைத் தாழ்த்தி, தலையை ஆட்டிவிட்டு, மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார். அந்த வீட்டில் அவருக்கு அவ்வளவுதான் பங்கு போலிருக்கிறது.

வாசல் பக்கம் நல்ல வெயில். வைஜயந்தி நாற்காலியில் உட்கார்ந்து உதட்டை விலக்கினார். அழகிரி இடது பல்லைக் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஈறு ஓரத்தில் தேன் நிறம். கீழே வர வர அது வெளுத்து, நுனியில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு ஒரு நீலம். நடுவில் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. வெயில் பட்டதும் உள்ளே ஏதோ அசைந்தது போல இருந்தது. பக்கத்தில் தன் புதுப் பல்லைப் பிடித்துப் பார்த்தார். பாத்ரூம் டைல்ஸ்.

அழகிரிக்குப் பொறாமை வரவில்லை. வெட்கம்தான் வந்தது. இதற்கு ஜோடி செய்கிறேன் என்று மூன்று வாரம் அடுப்பை ஊதியிருக்கிறோமே என்று புதுப் பல்லை டப்பாவில் போட்டு மூடினார்.

“இது பகவான் பண்ணின வேலைங்க,” என்றார். “மனுஷன் கைக்கு வராது.”

வைஜயந்தியின் முகம் கொஞ்சம் சிவந்தது. “எல்லாரும் அப்படித்தான் சொல்லுவா,” என்றார். உடனே ஹெட்மிஸ்ட்ரஸ் ஆனார். “உம்மால முடியுமா, முடியாதா? ஒரு வார்த்தையில சொல்லும்.”

பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் பல்லைப் பார்த்த கண்ணோடு அவரால் பொய் சொல்ல முடியவில்லை.

“முடியாதுங்க.”

“அப்போ முடியறவாகிட்ட குடுக்கச் சொல்லும். இப்பவே, என் முன்னாடியே.”

அழகிரி பாக்கியநாதனுக்குப் போன் போட்டார்.

“சார், ஸ்ரீரங்கம் கேஸு. என் கைக்கு வரலைங்க. மாதவன்கிட்ட கொடுத்துடுங்க.”

“நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“யோசிச்சுட்டேங்க.”

“உங்க வாயாலயே சொல்லிட்டீங்க. அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது. மாதவா, அந்த மேஜைக்கு வாப்பா.”

போனில் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. பதினேழு வருஷம் அரை நிமிஷத்தில் முடிந்துபோனது. திங்கட்கிழமையிலிருந்து மாவு.

“நேர்மையா ஒத்துண்டேள். அதுக்கு அஞ்சு மார்க்,” என்று சொல்லிவிட்டு வைஜயந்தி ஸ்கூலுக்குக் கிளம்ப உள்ளே போனார்.

அழகிரி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். வண்டியைத் திருப்பும்போது ஜகன்னாத் பேப்பரும் கையுமாக இறங்கி வந்தார். வாசலை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். அழகிரியின் ஹெல்மெட்டோரம் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

“அவ வெளியில சொல்ல மாட்டா, அந்தப் பக்கத்துப் பல்லும் ஏழு வருஷம் முன்னாடி உங்க லேப்ல பண்ணினதுதான், பீரோல கேரண்டி கார்டு இருக்கு, பண்ணினவர் அழகிரின்னு போட்டிருக்கு. நீங்க எதுக்கு சிரமப்படறேள், பேசாம அவர்கிட்டயே குடுத்துடுங்கோ.”