பன்னிரண்டு எலிகளுக்கு மாட்டுப் பொங்கல்

பத்தாவதோடு நின்றவன் ஆராய்ச்சியைப் பற்றி எழுதலாமா? கூடாதுதான், மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஆராய்ச்சியைக் கெடுத்தவன் நான். கெடுத்தவனே சொல்வதுதான் முறை.

தினமும் ஜவ்வாது மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி, அடிவாரத்தில் ஒரு கல்லூரியில் எலிக்கூண்டு சுத்தம் செய்கிறேன். (வீட்டில் ‘சயின்ஸ் வேலை’ என்று சொல்லி வைத்திருக்கிறேன். மாமியார் முன்னால் கருத்தடை மருந்து என்று எப்படிச் சொல்வது?) ஆராய்ச்சி மாணவி ரேவதி, இணைசேர்ந்த பன்னிரண்டு பெண் எலிகளில் ஆறுக்குக் கருத்தடை மருந்தும், ஆறுக்கு வெறும் எண்ணெயும் கொடுத்துவந்தார். முதல் சில நாட்களில் கரு வளர்கிறதா, நின்றுபோகிறதா என்று பார்ப்பதற்காக. எந்த எலி எது என்பதற்கு வாலில் மைக்கோடு போட்டிருந்தார்.

மாட்டுப் பொங்கலன்று எல்லோருக்கும் லீவு; நான் மட்டும் காவல். எங்கள் வீட்டில் அன்று ஆடு மாடுகளைக் குளிப்பாட்டாமல் சோற்றில் கைவைக்க மாட்டோம். இங்கே மாட்டுக்கு எங்கே போவது? பன்னிரண்டு எலிகளையும் ஈரத்துணியால் வால்நுனி வரை பளிச்சென்று துடைத்து, ஒரே பெரிய கூண்டில் விட்டேன். (குங்குமம் வைக்கவில்லை. அந்த அளவுக்கு விவரம் உண்டு.)

சாயங்காலம் ரேவதி வந்தார்.

“இன்னாண்ணா இது? கோடெல்லாம் எங்க?”

“அழுக்கா இருந்துச்சு மேடம். தொடச்சிட்டேன்.”

“அய்யோ! நாளிக்கி கருவ எடுத்துப் பாக்கணும்ணா! எதுக்கு மருந்து, எதுக்கு எண்ணெய்னு தெரியலன்னா அத்தனையும் வேஸ்டு. இன்னொரு தபா செய்ய சார் வுடமாட்டாரு!” அழுதே விட்டார்.

“எனக்குத் தெரியும் மேடம்.” என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“இன்னா தெரியும்?”

“எது எதுன்னு. மூஞ்சப் பாத்தா தெரியாதுங்களா?”

ஊர் ஆடெல்லாம் கலந்து மேயும்போது நம் ஆட்டைப் பிரித்து ஓட்டிவருகிறவனுக்குப் பன்னிரண்டு எலி ஒரு கணக்கா? சப்பை மூக்கு, சரிந்த காது, எப்போதும் கோபமாகவே பார்க்கும் ஒருத்தி. ஆறு ஆறாகப் பிரித்தேன். ரேவதி நம்பவில்லை. அடிவயிற்றில் ரகசியக் குறி போட்டு, என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கலக்கினார். மறுபடி பிரித்தேன். மறுபடி கலக்கினார். மூன்று முறையும் அதே ஆறு, அதே ஆறு! கடைசியில் ஒவ்வொன்றாக எடை போட்டு, நோட்டில் எழுதியிருந்த முந்தின நாள் எடையோடு ஒப்பிட்டார். பன்னிரண்டும் பொருந்தின.

“இன்னா ஆளுண்ணா நீங்க!” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. யாரையும் நிமிர்ந்து பார்க்காத நான், அன்று கழுத்தை நீட்டி மாலை போட்டுக்கொள்ளத் தயாராக நின்றேன்.

(என் மனைவி இன்றும் விடுவதில்லை. “பன்னெண்டு எலி மூஞ்சி தெரியுது. பஸ்ல எங்க சித்தி மூஞ்சி மட்டும் தெரியல, இல்ல?”)

மறுநாள் பன்னிரண்டையும் அறுத்துச் சோதித்தார்கள். எண்ணெய் கொடுத்தவற்றில் கரு வளர்ந்திருந்தது. மருந்து கொடுத்தவற்றில் பாதியில் நின்றிருந்தது. நான் காலிக் கூண்டுகளைக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன்.