கடைசி மீன் சாகும் வரை

நிலக்கடலை ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றே மெர்வின் ஹார்ட்விக் ஒரு வைராக்கியம் எடுத்துக்கொண்டான். இனித் தலையே போனாலும் கிங்கராய் ஊரை விட்டு ஓர் அடி நகர்வதில்லை.

நல்ல வைராக்கியம்தான். சிக்கல் என்னவென்றால், வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூண்டை ஒட்டி ஒரு கேரவன் நின்றுகொண்டிருந்தது. வேலை முடிந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் கேரவனைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நாட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவது எங்கள் பக்கத்துப் பழக்கம். மெர்வினும் கல்யாணமான நாளிலிருந்து மனைவி டெல்மாவிடம் "ரிட்டயர் ஆகட்டும், டெல்" என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தான். ரிட்டயர்மென்ட் அப்போது வெகுதூரத்தில் இருந்தது. தைரியமாகச் சொன்னான். பாழாய்ப்போன அது வந்தே விட்டது.

அது வந்த கையோடு இன்னொன்றும் வந்தது. டெல்மாவின் கண் கெட ஆரம்பித்தது. விழித்திரையின் நடுப்பகுதி கரைந்துகொண்டே போகிறது, ஊசி போட்டுத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னது டெல்மாவிடம். மெர்வின் அப்போது வெளியே காரில் உட்கார்ந்து ரேடியோவில் ஃபுட்பால் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நாட்டோட மேற்குக் கோடியில குளிர் முடியற நேரம் காட்டுப்பூ பூக்குமாம், மெர்வ்," என்றாள் அவள். "கண்ணுக்கு எட்டின தூரம் பூவாம். அதை ஒரு தடவை பார்த்துட்டேன்னா போதும். அப்புறம் இந்தக் கண்ணு போனா போகட்டும்."

"பார்க்கலாம், பார்க்கலாம்."

"அதைத்தான் நானும் சொல்றேன். அடுத்த வருஷம் பார்க்க முடியுமான்னு தெரியாது. இந்த வருஷமே போகணும்."

இதற்கு மனசுள்ள எவனும் டயருக்குக் காற்றடிக்கப் போவான். மெர்வின் டவுனுக்குப் போய் ஒரு மீன் தொட்டி வாங்கி வந்தான்.

ஹாலில் பாதியை அடைக்கிற தொட்டி. கூடவே ஃபில்டர், ஹீட்டர், கூழாங்கல், ஒரு பிளாஸ்டிக் கோட்டை. தண்ணீரை ஊற்றி ஃபில்டரை மட்டும் சில வாரம் ஓட விடுங்கள், கழிவைத் தின்கிற நல்ல கிருமி ஊறிய பிறகு ஒன்றிரண்டு மீனாக விடுங்கள் என்று கடைக்காரி படித்துப் படித்துச் சொன்னாள். சில வாரமா! அதற்குள் டெல்மா கேரவனில் உப்பு, மிளகு வரைக்கும் ஏற்றிவிடுவாளே? நியான் டெட்ரா, கப்பி, மோலி, கண்ணாடியை நக்குகிற சக்கர் எல்லாவற்றையும் அன்றைக்கே பையில் கட்டி வாங்கி வந்து, சாயங்காலத்துக்குள் தொட்டியில் கொட்டிவிட்டான்.

"இது என்னத்துக்கு?" என்றாள் டெல்மா.

"வயசான காலத்துல மனசுக்கு ஒரு அமைதி வேண்டாமா?"

"சரி. நாம பூ பார்க்கப் போறப்போ இதை யார் பார்த்துப்பா?"

மெர்வின் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். "அடடா, அதை யோசிக்கவே இல்லையே."

"கேரவன்லயே எடுத்துட்டுப் போலாம்."

"குலுங்கினா செத்துடும்."

"நொரீன்கிட்ட விட்டுட்டுப் போலாம்."

நொரீன் வேலிக்கு அந்தப் பக்கத்து விதவை. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவள். "அவ வீட்டு நாயே நம்ம வீட்டுக்கு வந்துதான் சாப்பிடுது," என்றான் மெர்வின்.

"அப்ப எப்பத்தான் போறது? சொல்லித் தொலை."

"போகவே வேண்டாம்னா சொல்றேன்? வாயில்லா ஜீவன், டெல். கடைசி மீன் கண்ணை மூடட்டும். மறுநாள் காலையில கிளம்பிடலாம். சத்தியம்."

"மீன் கண்ணை மூடவே மூடாது, மெர்வ்," என்று சொல்லிவிட்டு டெல்மா சமையலறைக்குப் போய்விட்டாள். அவள் கேட்டிருந்த ஒரே ஒரு விஷயத்துக்கு டிமிக்கி கொடுத்துவிட்ட சந்தோஷத்தில் மெர்வின் அன்றைக்கு நன்றாகத் தூங்கினான்.

மறுநாள் காலையில் பார்த்தால் இரண்டு டெட்ரா வெள்ளைவெளேரென்று மிதக்கின்றன.

இப்போதுதான் மெர்வினுக்கு உறைத்தது. கடைசி மீன் சாகிற வரைக்கும் என்று வாய் விட்டாயிற்று. அப்படியானால் மீன் சாகக் கூடாது. வைராக்கியம் முழுக்க இந்தச் சுண்டுவிரல் நீளப் பிராணிகளின் உயிரில் தொங்குகிறது.

மீனைக் காப்பாற்ற அவன் பாடாய்ப் பட்டான். படவேண்டிய பாடு அதில் ஒன்றுகூட இல்லை. பாவம் பசிக்குமே என்று தீனியைக் கைநிறைய அள்ளிப் போட்டான். அது அடியில் கிடந்து அழுகியது. சனிக்கிழமைதோறும் ஃபில்டர் பஞ்சைக் கழற்றிக் குழாயடியில் வெள்ளையாகும் வரை கசக்கிப் பிழிந்தான். ஊறி வந்த கொஞ்சநஞ்ச நல்ல கிருமியும் சாக்கடையில் போயிற்று. எல்லாவற்றையும்விட மோசம், தண்ணீர். நாங்கள் ஊருக்கு வெளியே இருப்பவர்கள், கூரையில் விழுகிற மழையைப் பிடித்து வைத்துத்தான் குடிக்கிறோம். அந்தத் தண்ணீரைப் பற்றி எங்களில் எவனிடம் குறை சொன்னாலும் சண்டைக்கு வருவான்.

"மழைத்தண்ணி மோலிக்கு ஆகாதாமே," என்று நொரீன் வேலியில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள். "அதுல ஒரு சத்தும் இல்லையாம். திடீர்னு புளிச்சுப் போயிடுமாம்."

"என் தண்ணியா? என் தண்ணியில சத்து இல்லையா? என் அப்பன் இதைத்தான் குடிச்சான், நான் இதைத்தான் குடிக்கிறேன்."

"உன் அப்பன் மோலி இல்லையேப்பா!"

"உன் வேலையைப் பாரு, நொரீன்."

மீன்கள் செத்தன. மெர்வின் டவுனுக்கு ஓடினான். செத்ததை எடுத்துக் கோழிக்குப் போட்டுவிட்டு அதே மாதிரி ஒன்றை வாங்கி விட்டான். அது செத்தது. மறுபடி ஓடினான். ஓடுகிற ஓட்டத்துக்கு மேற்கே போய்ப் பூவைப் பார்த்துவிட்டே திரும்பியிருக்கலாம். டெல்மாவுக்குத் தெரிந்துவிடுமோ என்று முதலில் பயந்தான். பிறகு பயம் போய்விட்டது. அவளுக்குத்தான் கண் தெரியவில்லையே!

ஆமாம். அவன் அப்படித்தான் நினைத்தான். அந்த இடத்தை நினைக்கும்போது எனக்கு மெர்வினைப் பிடித்து நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

டெல்மா ஹாலில் உட்கார்ந்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருப்பாள். அவன் அவள் முன்னாலேயே வலையைப் போட்டுப் பிணத்தை வாரிப் பையில் திணிப்பான். அந்த வியாதியில் நேரே பார்ப்பதுதான் மங்கும். ஓரப் பார்வை நிற்கும். ஜன்னலைப் பார்த்தால்தான் அவளுக்குத் தொட்டி தெரியும். டாக்டரின் அறைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் இவனுக்கும் தெரிந்திருக்கும்.

அவளுக்கு மிகவும் பிடித்தது ஒரு சிவப்பு மோலி. பளீரென்ற நிறம் என்பதால் அது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரியும். அதற்கு ரோசி என்று பேர்கூட வைத்திருந்தாள். ரோசியும் ஒருநாள் மல்லாந்துவிட்டது. கடையில் சிவப்பு இல்லை. கறுப்புதான் இருந்தது. மெர்வின் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

"மெர்வ், ரோசி எங்க? கண்ணுல படவே இல்லையே," என்றாள் டெல்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

"இதோ இருக்காளே, கோட்டைக்குப் பக்கத்துல."

"நல்லா இருக்காளா?"

"ஜம்முனு இருக்கா."

"செவப்பாவா?"

"ரத்தச் செவப்பு. முன்னைவிட நிறம் ஏறியிருக்கு."

"அப்படியா," என்றாள் டெல்மா.

அவள் எழுந்து குளியலறைக்குப் போனாள். குழாய் வெகுநேரம் ஓடியது. மழைத்தண்ணீரை இப்படிக் கொட்டுகிறாளே என்று மெர்வினுக்கு எரிச்சலாக வந்தது.

அதற்குப் பிறகு ஒரு அதிசயம் நடந்தது. மீன் சாவது நின்றுவிட்டது. தண்ணீர் தெளிந்தது. கப்பிகள் வாலை விரித்துக்கொண்டு அலைந்தன. கறுப்பு மோலி கொழுத்தது. மெர்வினுக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாத்துக்கும் ஒரு கைராசி வேணும்," என்று, புல்தரையில் பந்து உருட்டி விளையாடுகிற பவுல்ஸ் கிளப்பில் பார்த்தவர்களிடம் எல்லாம் பீற்றிக்கொண்டான். டெல்மா பூவைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஊசிக்கு நொரீனே அழைத்துப் போய் வந்தாள். காரில் காத்திருக்கும் தொல்லையும் விட்டது. ஜெயித்துவிட்டோம் என்றே மெர்வின் முடிவு கட்டிவிட்டான்.

ஒரு மத்தியானம் கிளப்பிலிருந்து வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். கேரவன் பளபளவென்று கழுவப்பட்டு வெளியே நின்றது. அதன் கொக்கியை நொரீன் தன் வண்டியில் மாட்டிக்கொண்டிருந்தாள். டெல்மா நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு, கைப்பையோடு பக்கத்தில் நின்றாள்.

"டெல்! என்ன நடக்குது இங்க?"

"கிளம்பறோம், மெர்வ். மேற்கே."

"யாரு கிளம்பறா?"

"நானும் நொரீனும்."

"அப்ப நான்?"

"உனக்குத்தான் மீன் இருக்கே."

இந்த வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டைத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் மெர்வின் யோசித்ததே கிடையாது. "இது அநியாயம்! கடைசி மீன் சாகட்டும், சேர்ந்து போலாம்னுதானே பேச்சு?"

"கடைசி மீன் எப்பவோ செத்துப் போச்சு. முதல்ல வந்ததுல ஒண்ணுகூட மிச்சமில்லை. யாருக்குக் காது குத்தறே? நீ வலையைப் போட்டது, பையில திணிச்சது, கடைக்கு ஓடினது, எல்லாம் பார்த்துட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். ரோசியைக் கறுப்பாக்கினதையும்."

மெர்வின் திருட்டு முழி முழித்தான். "பார்த்தியா? அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்," என்றாள் டெல்மா. "ரொம்ப நாள் பார்த்தேன்."

நொரீன் குனிந்து ஏற்கெனவே மாட்டிய கொக்கியை மறுபடி மாட்டினாள்.

"தப்புத்தான் டெல். ஒத்துக்கறேன். நானும் வரேன். வழியில எது என்னன்னு உனக்கு எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?"

"வேணும், மெர்வ். அங்க போறதுக்குள்ள இன்னும் எவ்வளவு மங்கும்னு தெரியாது. இனிமே பாதியை நான் அடுத்தவங்க வாயால்தான் பார்க்கணும். அதுக்கு, கறுப்பைக் கறுப்புன்னு சொல்ற ஆள்தான் வேணும்."

மெர்வின் விடவில்லை. வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டான். "ரெண்டு நாள் பொறுங்க. ரெண்டே நாள். இதுங்க எப்படியும் செத்துடும். என் கையில எதுடி பொழைச்சிருக்கு? செத்ததும் நிம்மதியா மூணு பேருமா போலாம்."

"சாகாது," என்றாள் டெல்மா.

"ஏன் சாகாது?"

"கோழிக்குப் போடற சிப்பித்தூளை ஒரு பழைய ஸ்டாக்கிங்ல கட்டி ஃபில்டருக்குள்ள வெச்சிருக்கேன். தண்ணிக்குச் சத்து ஏறிடுச்சு. நீ அள்ளிப் போடற தீனியை, நீ கிளப்புக்குப் போனதும் நான் வலை போட்டு வாரிடுவேன். பஞ்சை நீ கசக்கறதுக்கு முந்தியே வெள்ளிக்கிழமை நான் தொட்டித் தண்ணியில அலசி ஒளிச்சு வெச்சுடுவேன். சனிக்கிழமை நீ கசக்கிக் கசக்கிப் பிழிஞ்சது நொரீன் வீட்டுப் பாத்திரம் தேய்க்கிற பஞ்சு."

"நீ... நீ எதுக்கு டெல் அதுங்களைக் காப்பாத்தினே? அதுங்க செத்திருந்தா நாம என்னைக்கோ போயிருக்கலாமே?"

"செத்தா நீ வேற வாங்குவே. அதுதான் தெரிஞ்சு போச்சே. அப்புறம்தான் எனக்குத் தோணிச்சு, நீ என்னோட வரவே வேண்டாம்னு." டெல்மா முகத்தை வேலிப் பக்கம் திருப்பினாள். அவனை நன்றாகப் பார்த்தாள். "கடைசி மீன் செத்தா போன் பண்ணு. எங்க இருக்கோம்னு சொல்றேன். பஸ் பிடிச்சு வா. சத்தியம்."

நொரீன் ஹாரன் அடித்தாள். கேரவன் சரளைக் கற்களை நசுக்கிக்கொண்டு ரோட்டில் ஏறி, நிலக்கடலைக் காட்டு வளைவில் மறைந்தது.

மெர்வின் வீட்டுக்குள் வந்தான். நாற்காலியைத் தொட்டிக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு, மடியில் போனை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மீனாகப் பார்த்தான். கப்பி வேறு குட்டி போட்டிருந்தது. ஒன்றுகூடச் சாகிற மாதிரி இல்லை.