நிற்காத பஸ்ஸும் மூன்றாவது ஆளும்

சும்மா உட்கார்ந்திருப்பதை அரச சேவையாக உயர்த்திய பெருமை, உலகத்திலேயே பதுளைக்குத்தான் உண்டு. மற்ற அலுவலகங்களில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தால் அது பழக்கம். வீரய்யா உட்கார்ந்திருந்தால் அது பதவி.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டளவில், ஹாலிஎலவிலிருந்து பதுளைக்கு வரும் வீதியில் காலை நெரிசல் தாங்க முடியாததாகிவிட்டது. முட்டைக்கோஸ் ஏற்றிய கோவா லொறி, பாடசாலை வான், முச்சக்கரவண்டி எல்லாம் ஒன்றின் முதுகில் ஒன்று மூச்சு விட்டபடி நின்றன. இந்த அவலம் கண்டு உள்ளம் உருகிய ‘வீதி நவீனமயமாக்கல் பிரிவின்’ பணிப்பாளர் சரவணமுத்து அவர்கள், மக்களுக்காகத் தம்மை வருத்திக்கொண்டு வெளிநாடு போனார். இரண்டு வாரப் பயிற்சி. திரும்பி வரும்போது ஒரு பெட்டி சொக்லேட்டும் ஒரு புகைப்படமும் கொண்டுவந்தார். சொக்லேட் வீட்டோடு நின்றுவிட்டது. புகைப்படம் மாகாணத்துக்கு வந்து சேர்ந்தது.

படத்தில் அகலமான ஒரு வீதி. அதன் வலது ஓரத்தில், பஸ்களுக்கும் மூன்று பேராவது ஏறிய கார்களுக்கும் மட்டுமென்று ஒரு தனித்தடம். அதே மாதிரி இங்கேயும் வீதியோர வடிகால் கானை மூடி, மண்மேட்டை வெட்டி, வீதியை அகலமாக்கி, வலது பக்கம் ஒரு தடம் பிரித்தார்கள். கள்ளமாக யாரும் நுழையாதபடி வரிசையாகத் தூண்களும் நட்டார்கள். அந்த நாட்டில் வாகனங்கள் வலப்பக்கமாகப் போகும்; அங்கே வலது ஓரம் என்றால் நடைபாதை ஓரம். நாமோ இடப்பக்கமாகப் போகிறவர்கள். இங்கே வலது ஓரம் என்றால் நட்டநடு ரோடு. இந்த அற்ப விஷயத்தைக் கூட்டத்தில் ஓர் இளம் பொறியியலாளர் கிளப்பினார்.

“சேர், பஸ் நடுரோட்டால போனா தரிப்பிடத்தில எப்பிடி நிக்கிறது?”

“தம்பி, இந்தத் திட்டத்தின்ர நோக்கம் என்ன?”

“பஸ் கெதியாப் போறது, சேர்.”

“நிண்டா கெதியாப் போகுமோ?”

சபை கைதட்டியது. பொறியியலாளர் ‘பரந்த அனுபவம் பெறுவதற்காக’ மொனராகலைக்கு அனுப்பப்பட்டார்.

தனித்தடம் திறக்கப்பட்டது. ஹாலிஎலவில் உள்ளே புகுந்த பஸ் பதுளையில்தான் வெளியே வரும். இடையில் நிறுத்துவது குற்றம். வழியிலுள்ள தோட்டத்துச் சனம் தரிப்பிடங்களில் நின்று, பஸ் போகிற அழகைப் பார்த்தது. ‘பஸ்களில் நெரிசல் முற்றாக ஒழிக்கப்பட்டுள்ளது’ என்று முதல் அறிக்கை சொன்னது. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

ஒரே ஒரு சிக்கல். தினமும் ஹாலிஎலப் பக்கமிருந்து வரும் பணிப்பாளரின் ஜீப்பில் பணிப்பாளரும் சாரதி இத்ரூஸும் மட்டுமே. சட்டத்துக்கு மூன்று பேர் வேண்டும். வேறொரு பணிப்பாளரை ஏற்றலாமென்றால், முன் சீட்டில் யார் உட்காருவது என்ற கேள்வி எழும். அதற்கு விடை தேடி இன்னொரு குழு அமைக்க வேண்டிவரும். எனவே பல வருடமாக அலுவலகத்தில் தேநீர் சுமந்த பியோன் வீரய்யா, ‘மூன்றாவது ஆள்’ ஆக நியமிக்கப்பட்டார்.

வீரய்யா குடியிருந்த தோட்டத்து லயம் அந்த வீதியோரத்திலேயே, நடுவழியில் இருந்தது. ஆனால் தடத்துக்குள் ஜீப் நிற்காதே! ஆகவே தினமும் விடியற்காலையில் பதுளைக்கு எதிர்த்திசையில் ஹாலிஎலவுக்கு நடந்துபோய், அங்கே ஜீப்பில் ஏறி, தன் வீட்டைத் தானே தாண்டிக்கொண்டு வேலைக்குப் போவார். அதிலும் ஒரு கௌரவம் இருந்தது. லயத்துக் கோடியில் நிற்பவர்களுக்குக் கண்ணாடிக்குள்ளிருந்து அளவாகத் தலையசைப்பார்.

“நான் ஏறலேன்னா கவருமென்டு வண்டியே நகராது, தெரியுமா?” என்று மனைவி நல்லம்மாவிடம் சொன்னார்.

“நீங்க ஏறினா வண்டி போவுது. நான் ஏற ஒரு வண்டி நிக்க மாட்டேங்குது” என்றாள் அவள்.

அவள் சொன்னதில் காரணம் இருந்தது. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு தெருநாய் அவள் காலைப் பிடுங்கியிருந்தது. பதுளை ஆஸ்பத்திரியில், குறித்த நாட்களில் ஊசி போட வேண்டும். முதல் ஊசி போட்டாயிற்று. இரண்டாவதுக்குப் போனபோது பஸ்கள் நிற்காமல் பறந்தன. பார்த்துப் பார்த்து அலுத்து, நடந்தே போனாள்; அதற்குள் கிளினிக் பூட்டியிருந்தது. மறுநாள் தாதி திட்டிக்கொண்டே ஊசியைப் போட்டுவிட்டு, “இன்னொரு தடவ பிந்தினா உசுரு போயிரும், அம்மா” என்று எச்சரித்து அனுப்பினாள்.

அடுத்த ஊசி நாளும் வந்தது. பணிப்பாளரின் கைப்பெட்டிக்குப் பக்கத்தில் உத்தியோகபூர்வமாக உட்கார்ந்திருந்த வீரய்யா, ஜீப்பாவது நிற்காதா என்று தரிப்பிடத்தில் நல்லம்மா நிற்பதைத் தூரத்திலேயே கண்டார்.

“ஐயா, அந்தா நிக்கிறது நம்ம வூட்டுப் பொம்பளைங்க. நாய்க்கடி ஊசிக்குப் போவணும். செத்த நிப்பாட்டினா ஓடியாந்து ஏறிக்கும்ங்க.”

“தனித்தடத்தில நிப்பாட்டுறது குற்றம், வீரய்யா. அந்த விதியை எழுதினது ஆர்?”

“ஐயாதாங்க.”

“அப்ப?”

“சீட்டு காலியாத்தானே கெடக்குங்க...”

“விதிக்கு மூண்டு பேர் இருந்தாக் காணும். நாலாவது ஆளைப் பற்றி விதியில ஒண்டும் இல்லை.”

இத்ரூஸ் வேகத்தைக் குறைத்தார். “சேர், பின்னுக்கு ஒரு வாகனமும் இல்ல. ஒரு செக்கன்தானே...”

“இத்ரூஸ், நீர் றோட்டைப் பாரும்.”

ஜீப் தரிப்பிடத்தைத் தாண்டியது. ஒரு விரற்கடை திறந்திருந்த கண்ணாடி வழியே நல்லம்மாவின் குரல் உள்ளே வந்தது.

“நாய்கூட நின்னுதாங்க கடிச்சிச்சு!”

“என்னவாம்?” என்றார் பணிப்பாளர்.

“ஐயாவுக்குக் கும்புடு சொல்லுதுங்க.”

சற்றுத் தள்ளி, தடத்தில் நிற்க அனுமதியுள்ள ஒரே இடம் இருந்தது. அங்கே பொலிஸ்காரர் ஒருவர் பஸ் அல்லாத வண்டிகளை மறித்துத் தலைகளை எண்ணுவார். ஜீப் நின்றது. வீரய்யா கதவைத் திறந்தார்.

“நீர் எங்க போறீர்? இது டியூட்டி!”

“டியூட்டிக்கு வேற ஆளு கெடைக்கும்ங்க. எனக்குப் பொஞ்சாதி ஒண்ணுதான்.”

அவர் இறங்கி, வந்த வழியே திரும்பி ஓடினார். பொலிஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“சேர், ரெண்டு ஆள்தானே.”

“இந்தத் தடத்தைக் கொண்டுவந்ததே நான்!”

“தெரியும், சேர். போர்டுல சேர் பேர்தானே இருக்கு. ஆனா மூணு வேணும்தானே.”

தூண்களுக்கிடையே இருந்த சந்து வழியாக ஜீப் சாதாரண தடத்துக்குத் தள்ளப்பட்டது. முன்னால் கோவா லொறி. பின்னால் பாடசாலை வான். தாம் நவீனமயமாக்கிய வீதியைப் பணிப்பாளர் முதன்முறையாக நிதானமாகப் பார்த்தார். பார்த்துக்கொண்டேயிருந்தார்.

நெடுநேரம் கழித்து, வீரய்யாவும் நல்லம்மாவும் வீதியோரமாக நடந்து வந்தார்கள். ஜீப் இன்னும் கோவா லொறியை முகர்ந்துகொண்டே நின்றது. கண்ணாடி முழுதாக இறங்கியது.

“வீரய்யா! ரெண்டு பேருமே ஏறுங்கோ! திருப்பிக் கொண்டுபோய்த் தடத்துக்குள்ள விடுவம்!”

நல்லம்மா நிற்கவில்லை. “வேணாங்க, ஐயா. இதுல ஏறினா ஊசிக்குப் பிந்திரும்” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நடந்தாள்.

கிளினிக் பூட்டுமுன் ஊசி போட்டாயிற்று. பணிப்பாளர் அலுவலகம் சேர்ந்தபோது பகல் சாப்பாட்டு நேரம்.

மறுநாளே வீரய்யாவுக்குக் குற்றப்பத்திரிகை வந்தது. ‘இடமிருந்தும், வழியிருந்தும், தன்னை நம்பியிருந்தவரை நடுவீதியில் கைவிட்டுச் சென்றமை.’ அலுவலக வரலாற்றில் அவ்வளவு நேர்மையான குற்றப்பத்திரிகை அதற்கு முன் எழுதப்பட்டதில்லை. பணிப்பாளரே தம் கைப்பட எழுதியிருந்தார். குற்றவாளியின் பெயரை மட்டும் மாற்றிப் போட்டிருந்தார்.