மேட்டுக்கு ஒண்ணாம் நம்பர்

தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம். தெரிந்தவனுக்குச் சொல்லிக் கொடுக்க ஆண்டவராலேயே முடியாது. இதை நான் அடித்துச் சொல்லக் காரணம், அந்தத் தெரிந்தவன் நான்தான்.

இருபது வருஷத்துக்கு மேலாக இடுக்கி மலையில், ஆனைக்கரைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் ஜீப் ஓட்டுகிறேன். ஆடே ஏறத் தயங்கும் மேட்டில் ஆளையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போவேன். கியர் விஷயத்தில் எனக்குப் புத்தி சொல்ல இனிமேல்தான் ஒருத்தன் பிறந்து வர வேண்டும் (என்றுதான் அப்போது நினைப்பு).

ஐந்து வருஷத்துக்கு முன்னால் என் தங்கை சகாயத்தின் மகளுக்கு ஞானஸ்நானம். தாய்மாமன் நான்தான் ஞானத்தகப்பன் என்று முடிவாகியிருந்தது. குழந்தையை ஏந்திக்கொண்டு, சாமியார் கேட்கும் கேள்விகளுக்கு அதன் சார்பில் பதில் சொல்ல வேண்டும். எனக்குப் பிள்ளை கிடையாது. அந்த நாளுக்காக நான் ஏங்கிக் கிடந்ததை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு மாதமாகக் கண்ணாடி முன்னால் நின்று "விட்டுவிடுகிறேன், விசுவசிக்கிறேன்" என்று ஒத்திகை பார்த்தேன். என் மனைவி பயந்தே போனாள்.

சரியாக அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து என் ஜீப் ஒர்க்‌ஷாப்பில். குழந்தையின் வெள்ளைக் கவுனோ ஆனைக்கரை முக்கில் டெய்லரிடம். கவுன் கொண்டுபோவது ஞானத்தகப்பன் முறை. தங்கை வீட்டுக்காரர் ஸ்டீபன் தன் புது பேட்டரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"நாங்க முன்னால போறோம் மச்சான். நீங்க கவுன வாங்கிட்டு இதுலயே கோயிலுக்கு ஏறிருங்க. மிதிச்சாப் போதும், மோட்டார் தள்ளிவிடும். இந்த பட்டன்ல சைபர்ல இருந்து அஞ்சு வரைக்கும் இருக்கு. மேட்டுல போகும்போது..."

"மாப்ள, நிறுத்துங்க. எனக்கே கியரு சொல்லித் தர்றீங்களா?"

"இது கியரு இல்ல மச்சான்..."

"நேரமாகுது, கெளம்புங்க!"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு போய்விட்டார். ஒன்பதரைக்கு ஞானஸ்நானம். முடிந்ததும் சாமியார் வேறு எஸ்டேட்டில் பூசை வைக்கப் போக வேண்டும், யாருக்காகவும் நிற்க மாட்டார்.

டெய்லர் கடை வரைக்கும் சமதளம். சமதளத்துக்கு டாப் கியர்தானே, அஞ்சில் போட்டேன். பறந்தது! கவுனைப் பையில் போட்டுக்கொண்டு கோயில் மேட்டுக்குத் திரும்பியபோது மணி ஒன்பதுதான்.

மேடு தொடங்கியதும் எந்த ஜீப் டிரைவரும் செய்வதைச் செய்தேன். கியரைக் குறைத்தேன். நாலு. கொஞ்சம் கனத்தது. மூணு. இன்னும் கனத்தது. சரி, மேடு கூடுகிறது போல என்று ரெண்டு. ஒண்ணில் போட்டபோது தொடை இரண்டும் தீப்பிடித்தது. "என்னய்யா வண்டி வாங்கியிருக்கான் இந்த ஸ்டீபன்! ஃபர்ஸ்ட் கியர்லயே இழுக்கல!" என்று நடுரோட்டில் நின்று கத்தினேன்.

ஒரு மலையாளி ஆட்டோக்காரர் வந்து நிறுத்தினார். "என்ன சேட்டா, பஞ்சரா? கயறிக்கோ."

ஏறித் தொலைத்திருக்கலாம். ஊரே மதிக்கும் ஜீப் டிரைவர், சைக்கிளோடு ஆட்டோவில் போய் இறங்குவதா? "சும்மா, உடம்புக்கு நல்லதுன்னு மிதிக்கிறேன்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் என் அறிவு உச்சத்துக்குப் போனது. ஜீப்பில் ஃபர்ஸ்ட் கியரும் இழுக்காவிட்டால் ஃபோர் வீல் போடுவோம். அப்படியானால் ஒண்ணுக்கும் கீழே இருக்கிற சைபர் எதற்கு? இதற்குத்தான்! சைபரில் போட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை சைக்கிள் ஓட்டியது என்று சொல்ல முடியாது. ஒரு எருமையை மலைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். தட்டுத்தடுமாறிக் கோயில் வாசலுக்கு வந்தபோது, உள்ளே சாமியாரின் குரல் கேட்டது.

"சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?"

குழந்தையை ஏந்தி நின்றது ஸ்டீபனின் அண்ணன் அந்தோணி. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் வாசற்படியிலிருந்து, சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி வரும் கோலத்தில், "விட்டுவிடுகிறேன்!" என்று அலறினேன். கோயிலே திரும்பிப் பார்த்தது. குழந்தை வீறிட்டது. சாமியார் கண்ணாடியைச் சரிசெய்து என்னைப் பார்த்துவிட்டு, "நல்லது, உட்காருங்க" என்று சொல்லி, அடுத்த கேள்வியை அந்தோணியிடம் கேட்டார்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். வியர்வை என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவர் துண்டு கொடுத்தார்.

வெளியே வந்து ஸ்டீபன் சைக்கிளைப் பார்த்தார். "சைபர்ல கெடக்கு? மச்சான், அஞ்சுன்னா மோட்டார் நெறைய தள்ளும். ஒண்ணுன்னா கொஞ்சூண்டு. சைபர்னா நீங்களேதான் மிதிக்கணும்."

"இத காலையிலயே சொல்றதுக்கு என்ன?"

"சொல்ல விட்டீங்களா?"

கோயில் புத்தகத்தில் அந்தோணி பெயர் ஏறிவிட்டது. அதை இனி யாராலும் மாற்ற முடியாது. கிறிஸ்துமஸுக்குப் பிள்ளை முதலில் ஓடுவது அவர் வீட்டுக்குத்தான். எனக்கு இன்றைக்கும் அது வலிக்கத்தான் செய்கிறது.

பிள்ளை ரோஸ்லின் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், எண்கள் எல்லாம் அத்துப்படி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என் ஜீப்பில்தான் வீட்டுக்கு வருவாள். ஏறுவதற்கு முன்னால் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, கோயில் வளாகத்துக்கே கேட்கிற மாதிரி கேட்பாள்.

"மாமா, சைபர் பெருசா, அஞ்சு பெருசா?"

"அஞ்சுதான்டி தங்கம்" என்று நான் சொல்கிற வரைக்கும் ஏற மாட்டாள். உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு பேரும், அந்தோணி உட்பட, மூச்சுவிடாமல் என் பதிலுக்காகக் காத்திருப்பார்கள்.